கிராஸ் ஸ்டிச் அக்கா

கிராஸ் ஸ்டிச் டிசைன் போட்டு விற்கிறவன் தன் கட்டங்களை இரண்டு தடவை எண்ணாமல் விட்டால், வாங்கினவர் மூன்று தடவை எண்ணிவிட்டு போன் போடுவார். வீட்டுக்குள்ளேயே கடை வைத்துக்கொண்டு, குக்கர் விசிலுக்கு நடுவில் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லும் என் இனத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன்.

ஒரு படத்தை எடுத்து, கம்ப்யூட்டரில் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில் எந்த நிற நூல் என்று குறித்துக் கொடுப்பது என் வேலை. அந்தத் தாளோடு கட்டம் கட்டமாக ஓட்டை உள்ள துணி, நூல், ஊசி எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டால் அதற்குப் பெயர் கிட். வாங்கினவர் தாளைப் பார்த்து ஒவ்வொரு கட்டத்திலும் பெருக்கல் குறி மாதிரி மூலைக்கு மூலை தைத்துக்கொண்டே போனால் மூன்று நான்கு மாதத்தில் படம் வந்துவிடும். வராவிட்டால் தப்பு என்னுடையது.

பல்லாவரம் பக்கம் ஒரு துணி ஏற்றுமதிக் கம்பெனியில் பத்தொன்பது வருஷம் எம்ப்ராய்டரி டிசைன் பிரிவில் இருந்தேன். ஒரு நாள் கம்பெனியே போய்விட்டது. சேலையூரில் எங்கள் ஃப்ளாட்டின் சின்ன அறையில் இந்தக் கடையை ஆரம்பித்தேன். என் மனைவி ஹெலன் பள்ளியில் கணக்கு டீச்சர். அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். யாருக்கு வேண்டுமானாலும் தெரியலாம், அவள் அண்ணனுக்கு மட்டும் தெரியக் கூடாது.

காரணம் உண்டு. எங்கள் கல்யாணப் பேச்சு நடந்தபோது ஆல்பர்ட் மச்சான் சபையில் வைத்தே, "துணிக்குப் பூ போடுற வேலை எத்தனை நாள் ஓடும்?" என்று கேட்டார். அவர் பேங்க் ஆபீசர். "காலத்துக்கும் ஓடும்" என்று ஹெலன் அண்ணன் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். வேலை போனதில் அவளுக்கு வருத்தம் இல்லை, கடையில் வெட்கமும் இல்லை. அண்ணன் சொன்னது பலித்துவிட்டது என்று ஆகிவிடக் கூடாது, அவ்வளவுதான். அதனால் மச்சான் கணக்கில் நான் இன்றைக்கும் பல்லாவரத்துக்கு பஸ் ஏறுகிறவன்.

மேடம் இருக்காங்களா

கடைக்கென்று தனி போன் நம்பர் வாங்கிய முதல் வாரத்தில் பதினோரு பேர் கூப்பிட்டார்கள். நான் "ஹலோ" என்றதும் எல்லோரும் மேடத்தைக் கேட்டார்கள். மேடம் இல்லை, டிசைன் போடுறது நான்தான் என்று சொன்னதும் ஏழு பேர் ராங் நம்பர் என்று வைத்துவிட்டார்கள். பாக்கி நாலு பேர், மேடம் வந்ததும் பேசுகிறோம் என்றார்கள்.

அதற்குப் பிறகு போனை எடுப்பதை நிறுத்திவிட்டு வாட்ஸ்அப்பில் மட்டும் பதில் எழுத ஆரம்பித்தேன். எழுத்தில் ஆண் பெண் தெரியாது. ஒரே மாதத்தில் தாம்பரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரைக்கும் நான் அக்கா ஆகிவிட்டேன். முதலில் திருத்திப் பார்த்தேன். பிறகு, வியாபாரம் நடக்கிறதே, யார் அக்காவாக இருந்தால் என்ன என்று விட்டுவிட்டேன்.

பெருங்களத்தூர் புது அபார்ட்மென்ட்டிலிருந்து ஒரு அம்மா கிட்டை நேரிலேயே வாங்கிக்கொள்கிறேன் என்று வந்தார். நான்தான் கதவைத் திறந்தேன், நான்தான் துணியை வெட்டினேன், நூலைச் சுற்றினேன், தாளில் அவருக்குப் புரியாத இரண்டு இடத்தைப் பென்சிலால் வட்டம் போட்டு விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, செருப்பு மாட்டும்போது திருப்தியோடு சொன்னார்: "அக்கா இல்லாதப்ப நீங்க இவ்வளவு பாத்துக்கிறீங்க பாருங்க சார், அதுக்கெல்லாம் ஒரு மனசு வேணும்."

ஐந்து கட்டம்

திருநீர்மலையில் ஒரு மாமா, ரிடையர் ஆனவர். புது வீட்டுப் பூஜை அறைக்குப் பள்ளிகொண்ட பெருமாள் வேண்டும் என்றார். தைக்கப் போவது மாமி. பெரிய டிசைனாகத்தான் போட்டேன். ஆனால் பூஜை அறைக் கதவு சின்னது, படம் உள்ளே போகாது என்று அளவைக் குறைக்கச் சொன்னார். குறைக்கும்போது முகத்தில் இடம் பற்றவில்லை. நெற்றி நாமத்துக்குக் கீழே மூக்கின்மேல் லேசாக இறங்கும் பாதம், அது வெறும் ஐந்து கட்டம். மூக்கில் ஏதோ பிசிறு மாதிரித் தெரிகிறதே என்று அதை எடுத்துவிட்டேன். சர்ச்சுக்குப் போகிற ஆள், எனக்கு அது அழகுப் பிரச்சினை.

மாமி நாலு மாதம் தைத்தார். சட்டம் போட்டு, கிரகப்பிரவேசத்தன்று மாட்டியும் விட்டார்கள். வந்தவர்களில் ஒருவர் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் மோர் குடித்தாராம். அந்த மௌனத்தில்தான் மாமாவுக்கு விஷயம் புரிந்திருக்கிறது. பாதம் வைத்த நாமம் மாமாவின் பிரிவுக்கு, பாதம் வைக்காத நாமம் அவர் சம்பந்தி வீட்டுப் பிரிவுக்கு என்பதும், அந்த இரண்டுக்கும் நடுவில் பல தலைமுறை வழக்கு இருக்கிறது என்பதும் எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நல்ல வேளை, வைத்ததைப் பிரிப்பதுதான் கஷ்டம், வைக்காததை வைப்பது சுலபம். வெள்ளை நூலோடு அன்றே ஓடினேன். மாமி ஐந்து நிமிஷத்தில் ஐந்து கட்டத்தையும் போட்டார்.

மாமா கோபப்படவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பிவிட்டுச் சொன்னார்: "பெருமாள் அம்சமா வந்திருந்தார் சார். என்ன, எங்காத்துக்கு வரதுக்கு முன்னாடி நாலு மாசம் சம்பந்தியாத்துல தங்கிட்டு வந்திருக்கார்."

புது வாடிக்கையாளர்

ஒரு சனிக்கிழமை காலையில் கடை நம்பருக்கு ஒரு மெசேஜ். "வணக்கம் அக்கா, குருவி கிட் இருக்கா? நான் புதுசு." எங்கேயோ பார்த்த நம்பர். என் சொந்த போனில் அதே நம்பர் 'கிரேஸ் அக்கா' என்று இருக்கிறது. கிரேஸ் அக்கா ஆல்பர்ட் மச்சானின் மனைவி. குரோம்பேட்டையில் வீடு. நான் அவரை அக்கா என்று கூப்பிடுகிறவன், அவர் என்னை அக்கா என்று கூப்பிடுகிறார்.

ஹெலனிடம் காட்டினேன். பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தவள் பேனாவை மூடி வைத்துவிட்டாள். "குடுக்காம விட்டா ஏன் குடுக்கலன்னு நாலு பேர்கிட்ட விசாரிப்பாங்க. குடுத்துடுங்க. ஆனா போன்ல ஒரு வார்த்த பேசக் கூடாது" என்றாள். கடைக்கு ஒரு பூவின் பெயர்தான் வைத்திருந்தேன். கவரின்மேல் அந்தப் பெயரையும் போன் நம்பரையும் மட்டும் எழுதினேன். சேலையூரில் கொடுத்தால் கூரியர் ரசீதில் ஊர் தெரியும் என்று பெருங்களத்தூர் வரைக்கும் ஸ்கூட்டரில் போய் அனுப்பிவிட்டு வந்தேன். எதிரி நாட்டுக்கு உளவு வேலை பார்க்கிறவன்கூட இவ்வளவு மெனக்கெடமாட்டான்.

குருவி முடிந்தது, கிளி முடிந்தது, மாட்டு வண்டி முடிந்தது. கிரேஸ் அக்கா இவ்வளவு சுறுசுறுப்பு என்று இருபது வருஷத்தில் எனக்குத் தெரியாது. கேள்விகளும் வந்துகொண்டே இருந்தன. பின்பக்கம் முடிச்சுப் போடலாமா, கட்டத்தை மாற்றித் தைத்துவிட்டால் எங்கிருந்து பிரிப்பது, கண்ணாடி போட்டுத் தைத்தால் தலை வலிக்குமா. நானும் பொறுமையாக, ஒரு நல்ல அக்காவாக, எல்லாவற்றுக்கும் பதில் எழுதினேன். ஒரு கேள்வி மட்டும் கொஞ்சம் யோசிக்க வைத்தது. கிரேஸ் அக்கா மெலிந்த உடம்புக்காரர், கையும் அப்படித்தான். மெசேஜ் இப்படி வந்தது: "அக்கா, எனக்கு விரல் கொஞ்சம் தடிமன். பிடிக்க வாகா பெரிய ஊசி ஏதாவது அனுப்புவீங்களா?"

எந்தக் கடல் மீன்

எந்த டிசைனையும் விற்பதற்கு முன்னால் யாராவது ஒருவர் முழுசாகத் தைத்துப் பார்க்க வேண்டும். எனக்கு அதைச் செய்து தருவது கலா. கானாத்தூர் பக்கம் கடற்கரைக் குப்பத்துப் பெண். அவள் அம்மா மீன் விற்கிறவர், எங்கள் தெருவுக்கும் வருவார். கலா தைத்து முடித்ததை அம்மா கூடையோடு சேர்த்துக் கொண்டுவந்து கொடுப்பார். அதனால் என் மாதிரித் துணிகளில் லேசாக நெத்திலி வாசனை இருக்கும். அதை நான் வாடிக்கையாளர்களிடம் சொல்வதில்லை.

ஈ.சி.ஆரில் வீடு கட்டிய ஒருவர் சமையலறைக்கு வஞ்சிரம் மீன் கேட்டார். நான் நெட்டில் நாலு படம் பார்த்து, நல்ல தலை ஒன்று, நல்ல வால் ஒன்று என்று சேர்த்து அமர்க்களமாக ஒரு மீனைப் போட்டேன். கலாவும் மூன்று வாரம் உட்கார்ந்து தைத்துவிட்டாள். அம்மா அதை என் முன்னால் விரித்து, திருப்பி, மறுபடி விரித்து, நான் இத்தனை வருஷம் மீன் சாப்பிட்டதே வீண் என்கிற மாதிரி என்னைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இன்னாண்ணா இது, வாலு வஞ்சிரமா கீது, மூஞ்சி சீலாவா கீது. இத்த எந்தக் கடல்ல புட்ச்சே?"

முதுகில் ஒட்டிய நூல்

மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும் மச்சானும் கிரேஸ் அக்காவும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார்கள். சனிக்கிழமை சாயங்காலமே ஹெலன் சின்ன அறையைப் பூட்டிச் சாவியை அரிசி டப்பாவில் போட்டுவிடுவாள். நான் ஆபீஸ் பையை மறக்காமல் ஹாலில் தெரிகிற மாதிரி வைப்பேன். மச்சான் ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்விதான் கேட்பார். "ஆபீஸ் எப்படிப் போகுது மாப்ள?" நான், "போகுது மச்சான்" என்பேன். அதற்கு மேல் அவர் கேட்டதில்லை. ஆனால் அந்த ஒரு கேள்விக்கு நான் பதில் சொல்லி முடிக்கும்வரை ஹெலன் கரண்டியைக் கையில் பிடித்தபடி அப்படியே நிற்பாள். எனக்கு அவளைப் பார்க்கத்தான் பாவமாக இருக்கும். அண்ணன்மேல் உயிரையே வைத்திருக்கிறவள், அவர் வரும் நாளில்தான் பயந்து சாகிறாள்.

ஒரு ஞாயிறு, சாப்பிட்டுவிட்டுக் கை கழுவத் திரும்பினேன். எனக்கு முன்னால் கை கழுவிவிட்ட மச்சான் என் சட்டையின் பின்னாலிருந்து எதையோ எடுத்தார். ஒரு முழ நீளத்துக்குச் சிவப்பு நூல். எங்கள் நூல் ஆறு இழை சேர்ந்தது, தைக்கும்போது இரண்டு இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். பழக்கம் இல்லாதவர்கள் பிரித்தால் சிக்கு விழும். மச்சான் என்னிடம் பேசிக்கொண்டே, நூலைப் பார்க்காமலேயே, நுனியைத் தட்டி இரண்டு இழையைச் சிக்கே இல்லாமல் சர்ரென்று உருவினார். பிறகு எதையோ தப்பாகச் செய்துவிட்ட மாதிரி எல்லாவற்றையும் சுருட்டித் தட்டில் போட்டார். ஹெலன் அவசரமாக அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மச்சான் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டது இவ்வளவுதான்: "ஆபீஸ்ல வேலை ஜாஸ்தியோ மாப்ள?"

வெயில் படும் பக்கம்

நூல் விஷயத்தில் இன்னொன்று. ஒரே நம்பர் நூலாக இருந்தாலும் ஒரு தடவை சாயம் போட்டதும் அடுத்த தடவை சாயம் போட்டதும் ஒன்று போல இருக்காது. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு அம்மா மாமனார் படம் தைத்தார். பாதியில் சட்டை நீலம் தீர்ந்துவிட்டது. புதிதாக அனுப்பிய நீலம் ஒரு துளி வெளுப்பு. மாமனாரின் வலது தோள் ஒரு சட்டை, இடது தோள் இன்னொரு சட்டை. மொத்தத்தையும் மாற்றித் தருகிறேன் என்று மன்னிப்புக் கேட்டு நீளமாக எழுதினேன். உடனே பதில் வந்தது: "விடுங்க அக்கா, அந்தப் பக்கம் ஜன்னல், வெயில்ல வெளுத்துடுச்சுன்னு சொல்லிக்கிறேன். அவர் உயிரோட இருந்தப்பவும் அப்படித்தான் ஏதாவது சொல்லிச் சமாளிச்சேன்."

வெள்ளி விழாப் படம்

போன மாதம் கிரேஸ் அக்காவின் நம்பரிலிருந்து ஒரு போட்டோ. மச்சானும் அக்காவும் கன்னத்தோடு கன்னம் வைத்துத் தாங்களே எடுத்துக்கொண்ட செல்ஃபி. அவர்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் ஆகப் போகிறது, ஹாலில் மாட்ட வேண்டும், கட்டம் போட்டுத் தாருங்கள் அக்கா என்று எழுதியிருந்தது.

இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், செல்ஃபியை நம்பக் கூடாது. சில போன்கள் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இடம் வலம் மாற்றி எடுத்துவிடும். புடவை முந்தானை வலது தோளில் கிடக்கும், சட்டைப்பை வலது பக்கம் போய்விடும். நான் முதலில் முந்தானையைத்தான் பார்ப்பேன், மாறியிருந்தால் படத்தைத் திருப்பிப் போட்டுக்கொள்வேன். இந்தப் படத்தில் முந்தானையும் இல்லை, பையும் இல்லை. இரண்டு முகம் மட்டும்தான். ஆனால் மச்சானின் கன்னத்து மச்சம் வலது பக்கம் இருந்தது. அந்த மச்சத்தை நான் இருபது வருஷமாகச் சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்து பார்க்கிறேன். அது இடது கன்னம். கை தானாகப் போய்ப் படத்தைத் திருப்பியது. மூன்று நாளில் கட்டம் போட்டு மாதிரியை அனுப்பினேன். ஒரு சின்ன வேலையைச் சரியாகச் செய்த நிம்மதியோடு டீ போடப் போனேன்.

டீ கொதிப்பதற்குள் மெசேஜ் வந்துவிட்டது. "அக்கா, போட்டோல மச்சம் வலது பக்கம். நீங்க இடது பக்கம் போட்டிருக்கீங்க." நான் பெரிய கெட்டிக்காரனாக, "செல்ஃபி மாத்திக் காட்டும்மா, நான் சரி பண்ணிட்டேன்" என்று எழுதினேன். "சரிதான். நிஜத்துல இடது பக்கம்தான். உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று வந்தது. அப்போதுதான் நான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது. போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். திருப்ப வேண்டும் என்று சொல்வதற்கு அதில் ஒரு அடையாளமும் இல்லை. அந்த முகத்தை நேரில் பார்த்தவனைத் தவிர வேறு யாருக்கும் அது தெரிய வழியில்லை.

ஹெலன் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையைக்கூடக் கழற்றவில்லை, விஷயத்தைச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, "அண்ணன் என்ன நெனைப்பான்" என்று மட்டும் சொன்னாள். போனை இரண்டு பேருக்கும் நடுவில் மேசைமேல் வைத்தோம். மேலே, எழுதுகிறார்கள் என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது, நின்றது. கடைசியில் எழுத்து வரவில்லை, குரல் மெசேஜ் வந்தது. ஹெலன்தான் அதைத் தொட்டு ஓடவிட்டாள். கிரேஸ் அக்காவின் குரல் இல்லை, ஆல்பர்ட் மச்சானின் குரல்.

"மாப்ள, நீங்கதானா? கிரேஸ் தைக்கல மாப்ள. பி.பி.க்கு டாக்டர் ஏதாவது கைவேலை பழகுங்கன்னார், ஒரு வருஷமா நான்தான் தைக்கிறேன். பேங்க்ல தெரிஞ்சா ஓட்டுவானுங்கன்னு அவ போன்ல எழுதினேன். உங்க கம்பெனி மூடினது எனக்கு அப்பவே தெரியும். தினம் அந்த வழியாத்தானே பேங்குக்குப் போறேன், போர்டையே கழட்டிட்டாங்க. ஹெலன் சொல்லல, அவளுக்கு மனசு கஷ்டமா இருக்கும்னு நானும் ஆபீஸப் பத்தியே கேட்டுட்டு இருந்தேன். நல்ல கை மாப்ள உங்களுக்கு. ஆனா நான் தைக்கிறது ஹெலனுக்கு மட்டும் தெரிய வேண்டாம், காலம் பூரா சொல்லிச் சிரிப்பா. அப்புறம், மச்சம் கரெக்ட். தலைமுடி மட்டும் கொஞ்சம் சேத்துப் போடுங்க."

ஹெலன் அதை இரண்டு தடவை கேட்டாள். முதல் தடவை அழுதாள். ஒன்றரை வருஷமாக அரிசி டப்பாவில் சாவி போட்டவள், அண்ணன் தனக்காகத் தெரியாத மாதிரி இருந்திருக்கிறார் என்று தெரிந்ததும் பொத்துக்கொண்டு அழுதாள். இரண்டாம் தடவை, கடைசி வரி வந்ததும் சிரித்துவிட்டாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நான் தடுப்பதற்குள் போனை எடுத்து, மைக்கை அழுத்திப் பிடித்து, வகுப்பில் கேள்வி கேட்கிற அதே குரலில் பேசினாள்: "அண்ணே, ஹெலன் பேசுறேன். முடி எத்தனை கட்டம் சேக்கணும்?"

இரண்டு வீட்டிலும் இனி மறைக்க எதுவும் மிச்சமில்லை, மச்சானின் வழுக்கையைத் தவிர, அதையும் நூற்றுப் பன்னிரண்டு கட்டத்தில் அக்காவாகிய நான்தான் மறைத்துக் கொடுத்தேன்.